கலோனல் கனிஷ்கா

கனிஷ்கா பத்தாம் வகுப்பு வரை லால்குடியில் தமிழ் வழியில் படித்தவள். பொதுத்தேர்வில் நானூற்று எழுபத்தெட்டு எடுத்தாள். அப்பா அழகர்சாமி ஊருக்கு வெளியே வாழை விவசாயம் செய்கிறார். அம்மா ஜோதி வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுக்கிறாள். மார்க் வந்த வாரமே இருவரும் முடிவு செய்துவிட்டார்கள், பிளஸ் ஒன்னுக்குத் திருச்சியில், மன்னார்புரம் பக்கம் இருக்கும் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்ப்பது என்று. கனிஷ்காவுக்கும் ஆசைதான். லால்குடியில் ரயில் ஏறி ஜங்ஷனில் இறங்கி, அங்கிருந்து டவுன் பஸ் பிடித்துப் போவதே முதல் வாரம் ஒரு பெரிய காரியமாக இருந்தது அவளுக்கு.

வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் எல்கேஜியிலிருந்து ஒன்றாகப் படித்தவர்கள். யாரும் அவளை ஒதுக்கவில்லை, ஆனால் அவர்கள் பேச்சுக்குள் நுழைய அவளுக்கு வழியும் தெரியவில்லை. முன் பெஞ்சில் உட்காரும் சித்தார்த் மட்டும் தானாகத் திரும்பிப் பேசினான். பிசிக்ஸ் நோட்டைக் கொடுத்தான். "டவுட் இருந்தா மெசேஜ் பண்ணு, கூச்சப்படாத" என்றான். ஒரு மாதத்துக்குள் கனிஷ்காவுக்குப் பயம் தெளிந்துவிட்டது.

ஜூலையில் வகுப்பாசிரியை லூர்துராணி மிஸ், காலை பிரேயரில் செய்தி வாசிக்கச் சொன்னார். இங்கிலீஷ் பாடம் எடுப்பவர் அவர். "வருஷா வருஷம் அதே நாலு பேர்தான் வாசிக்கிறாங்க. நீ வாசி கனிஷ்கா, உன் குரல் நல்லா இருக்கு" என்றார். கனிஷ்கா இரண்டு நாள் பயிற்சி எடுத்தாள். கடினமான சொற்களைப் போனில் போட்டு எப்படி உச்சரிப்பது என்று கேட்டுக்கேட்டுச் சொல்லிப் பார்த்தாள். ஒரே ஒரு சொல்லைத் தெரிந்த சொல் என்று விட்டுவிட்டாள். ராணுவ அதிகாரி ஒருவர் பதக்கம் வாங்கிய செய்தி அது. கர்னல் என்று வாசிக்க வேண்டியதை, எழுத்தில் இருப்பதுபோலவே 'கலோனல்' என்று வாசித்தாள். ஒரு முறை இல்லை, மூன்று முறை.

அன்று யாரும் சிரிக்கவில்லை. பிரேயர் முடிந்ததும் மிஸ் தனியாகக் கூப்பிட்டு, "அது கர்னல். எனக்கும் காலேஜ் போற வரைக்கும் தெரியாது" என்று சொல்லி முதுகில் தட்டினார். வாசித்த வீடியோவைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டார். ஜோதி அதைத் தன் அக்கா தங்கைகள் எல்லோருக்கும் அனுப்பினாள்.

நான்கு நாள் கழித்து 'பெல் அடிச்சாச்சு' என்ற இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு ரீல் வந்தது. பள்ளிப் பிள்ளைகள் நடத்தும் பக்கம். யார் நடத்துகிறார்கள் என்று வெளியே யாருக்கும் தெரியாது. குழுவில் போட்ட வீடியோவிலிருந்து அந்த மூன்று 'கலோனலை' மட்டும் வெட்டி எடுத்து, பேண்டு வாத்தியத்தோடு ஒட்டியிருந்தார்கள். கனிஷ்காவின் தலையில் ராணுவத் தொப்பி. கீழே கமெண்டுகளில் சல்யூட் அடிக்கும் மஞ்சள் முகம், வரிசை வரிசையாக.

மறுநாள் வகுப்புக்குள் நுழைந்தபோது கடைசி பெஞ்சில் இருந்து ஒருவன் எழுந்து விறைப்பாக சல்யூட் அடித்தான். எல்லோரும் சிரித்தார்கள். கனிஷ்காவும் சிரித்தாள். சிரித்துவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள்.

விடவில்லை. கேன்டீனில் சல்யூட், லேபில் சல்யூட், தண்ணீர்க் குழாயடியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட சல்யூட். வாரத்துக்கு இரண்டு ரீல் வந்தது. அவள் டிபன் பாக்ஸைத் திறப்பது, பஸ்ஸுக்கு ஓடுவது எல்லாவற்றுக்கும் அந்தக் குரலை ஒட்டினார்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் கனிஷ்கா கையைத் தூக்குவதில்லை. இங்கிலீஷ் பாடத்தில் வாசிக்கச் சொன்னால் தொண்டை கட்டியிருக்கிறது என்றாள். மதியம் சாப்பிடாமல் டப்பாவை அப்படியே திரும்பக் கொண்டுவந்து, ரயிலில் பிச்சை எடுக்கும் யாரிடமாவது கொடுத்துவிடுவாள். வயிறு வலிக்கிறது என்று ஜோதியிடம் சொன்னாள். அது பொய்யில்லை, காலையில் யூனிஃபார்ம் போடும்போதே வயிறு பிசையத் தொடங்கிவிடும். லால்குடி டாக்டர் வாய்வு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

சித்தார்த் ஒருநாள் திரும்பிப் பார்த்து, "என்ன டல்லா இருக்க? சாப்பிட்டியா?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்கே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல" என்றாள்.

ஆகஸ்டில் அவள் பெயரிலேயே ஒரு கணக்கு முளைத்தது. 'கலோனல் கனிஷ்கா'. அவள் படம், அவள் ஊர், எல்லாம் சரியாக இருந்தது. அவளே எழுதுவதுபோலத் தப்பும் தவறுமான இங்கிலீஷில் தினமும் ஒரு பதிவு. வாழைத்தார் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருகிறேன், என் ரயிலுக்கு எல்லோரும் சல்யூட் அடியுங்கள், இந்த மாதிரி. முந்நூறு பேருக்கு மேல் அதைத் தொடர்ந்தார்கள். லால்குடியில் அவளோடு படித்த பழைய தோழிகளும், பெரியம்மா மகளும் அது அவளுடைய கணக்குதான் என்று நம்பிச் சேர்ந்திருந்தார்கள். "ஏன்டி இப்படி லூசு மாதிரி எழுதுற?" என்று பெரியம்மா மகள் போன் செய்து கேட்டாள்.

அதுவரை ரயில் லால்குடிக்குத் திரும்பியதும் கனிஷ்காவுக்கு மூச்சு சற்று இலகுவாகும். அன்றோடு அதுவும் போயிற்று.

மறுநாள் காலை வழக்கம்போலக் கிளம்பினாள். ரயில் கொள்ளிடப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்தில் நின்றது. கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிட்டாள். ஏன் இறங்கினாள் என்று பிறகு கேட்டபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. திட்டம் எதுவும் இல்லை. கால் இறங்கிவிட்டது.

துப்பட்டாவை யூனிஃபார்ம் தெரியாமல் போர்த்திக்கொண்டு கோயில் பக்கம் நடந்தாள். சித்திரை வீதியை இரண்டு சுற்று சுற்றினாள். பிறகு உள்ளே போய், வெளியூர்க்காரர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து புளியோதரை சாப்பிடும் இடத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்தாள். ஆந்திரா பக்கத்துப் பேருந்து ஒன்றில் வந்திருந்த கூட்டம் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தது. அவளை யாருக்கும் தெரியாது. பல வாரத்துக்குப் பிறகு பசித்தது. டப்பாவைத் திறந்து முழுவதையும் சாப்பிட்டாள்.

ஆனால் சாப்பிட்டு முடித்ததும் போனை எடுத்தாள். புதிதாக என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியவில்லை. பார்த்தால் நெஞ்சு படபடக்கும், பார்க்காவிட்டால் அதைவிட மோசம். தான் பார்க்காத நேரத்தில் என்னென்னவோ நடப்பதுபோல இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்தாள். சாயங்கால ரயிலில் வீட்டுக்குப் போனாள்.

இப்படி ஐந்து நாள். கோயில் வாசல் பூக்கடைப் பெண் செல்லக்கண்ணு மூன்றாம் நாள் அவளை அடையாளம் கண்டு, "ஏம்மா, ஸ்கூல் லீவா?" என்று கேட்டாள். "மதியம்தான் எக்ஸாம்க்கா" என்றாள் கனிஷ்கா. நான்காம் நாள் வேறு வாசல் வழியாகப் போனாள். பள்ளியிலிருந்து அழகர்சாமியின் போனுக்குத் தினமும் ஒரு மெசேஜ் வந்தது, உங்கள் பெண் இன்று வரவில்லை என்று இங்கிலீஷில். அவர் போனில் திறக்காத மெசேஜ்கள் நூற்றுக்கணக்கில் கிடந்தன. அதுவும் அதோடு கிடந்தது.

சனிக்கிழமை காலை அவர்கள் வீட்டு வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் ஜெகபர் சாதிக், திருச்சி பாலக்கரையில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பின்னால் அவர் மகள் ஷாஜியா. கனிஷ்காவின் வகுப்புதான், ஆனால் இருவரும் அதிகம் பேசியதில்லை.

"ஆன்ட்டி, கனிஷ்காவுக்கு உடம்பு எப்படி இருக்கு? அஞ்சு நாளா ஸ்கூலுக்கு வரலையே?" என்றாள் ஷாஜியா.

ஜோதி தைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். திரும்பிக் கனிஷ்காவைப் பார்த்தாள். "உள்ள வாம்மா, உக்காரு" என்று ஷாஜியாவைக் கூப்பிட்டுவிட்டுக் கனிஷ்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெளியே அழகர்சாமி ஜெகபர் சாதிக்குக்கு நாற்காலி போட்டார்.

ஷாஜியா தலையைக் குனிந்துகொண்டே பேசினாள். "போன வருஷம் அந்தப் பேஜ்ல என்னைத்தான் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. பல்லுக்கு கம்பி கட்டியிருந்தேன்ல, அதை வச்சு. எட்டு மாசம். உன்னைப் பிடிச்சதும் என்னை விட்டுட்டாங்க." கனிஷ்காவை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு சந்தோஷமா இருந்துச்சு கனிஷ்கா. நிஜமா. மொத ரீலுக்கு நானும் சல்யூட் போட்டேன்."

"தெரியும்" என்றாள் கனிஷ்கா.

"எப்படி?"

"நூத்தி எட்டு பேர் போட்டிருந்தாங்க. எல்லார் பேரும் எனக்கு மனப்பாடம்."

ஷாஜியா அழத் தொடங்கினாள். ஜோதிக்கு ரீல், பேஜ் எதுவும் புரியவில்லை. "யாரு என்ன போட்டாங்க? எனக்குக் காட்டுங்க" என்றாள். ஷாஜியா தன் போனைக் கொடுத்தாள். போன வருஷத்திலிருந்து ஒன்று விடாமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தாள். தன்னைப் பற்றியதும் கனிஷ்காவைப் பற்றியதும். யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் வைத்திருந்தவை.

ஜோதி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். தான் பெருமையாக எல்லோருக்கும் அனுப்பிய வீடியோவிலிருந்து வெட்டியது என்று புரிந்தபோது அவள் கை நின்றது. "இத்தனை நாளா இதை மனசுல வச்சுக்கிட்டா நீ ரயில்ல போய்ட்டு வந்த?" என்றாள். கனிஷ்கா அம்மாவின் மடியில் தலை வைத்துப் படுத்துவிட்டாள். பதினாறு வயதுப் பெண் என்று யாரும் சொல்ல முடியாதபடி சுருண்டு படுத்திருந்தாள்.

அழகர்சாமி அப்போதே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும் என்று சட்டையை மாட்டினார். ஜெகபர் சாதிக்தான் நிதானமாகச் சொன்னார். "போவோங்க. அதுக்கு முன்னாடி சைபர் கிரைம்ல ஆன்லைன்லயே ஒரு புகார் கொடுத்துருவோம். எங்க பொண்ணுக்கும் சேத்து. எனக்கும் நேத்து ராத்திரிதாங்க தெரியும். கடை முழுக்க போனை வச்சுக்கிட்டு, என் பொண்ணு போன்ல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியல பாருங்க." லால்குடி வீட்டில் உட்கார்ந்தே புகாரை டைப் செய்தார்.

திங்கட்கிழமை எல்லோரும் பள்ளிக்குப் போனார்கள். பிரின்சிபால் முதலில், "பசங்க விளையாட்டுங்க, கூப்பிட்டுக் கண்டிக்கிறேன்" என்றார்.

ஜோதி மெதுவாகத்தான் பேசினாள். "சார், விளையாட்டுன்னா ரெண்டு பேரும் விளையாடணும். என் பொண்ணு அஞ்சு நாள் கோயில்ல உக்காந்துட்டு வந்திருக்கா. கோயிலுக்குத்தான் போயிருக்கா, ஆத்துப் பக்கம் போகல. அது எங்க அதிர்ஷ்டம். நீங்க விளையாட்டுன்னு சொல்றீங்க."

லூர்துராணி மிஸ்ஸும் அங்கே இருந்தார். "வீடியோவை குரூப்ல போட்டது நான்தான் சார்" என்றார் பிரின்சிபாலிடம். அன்று மாலையே பெற்றோர் குழுவில் ஒரு அறிவிப்பு போனது. காவல்துறையில் புகார் கொடுக்கப்பட்டிருக்கிறது, விவரம் தெரிந்தவர்கள் பள்ளிக்கு வந்து சொல்லலாம் என்று.

இரண்டு நாள் கழித்து ஒரு பெண்மணி மகனை அழைத்துக்கொண்டு தானே வந்தார். மகனின் போனை வாங்கிப் பார்த்திருக்கிறார். அந்த மகன் சித்தார்த்.

பிரின்சிபால் அறையில் கனிஷ்காவையும் ஜோதியையும் உட்காரவைத்தார்கள். சித்தார்த் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஜோக்காதான் அந்தப் பேஜை ஆரம்பிச்சேன் சார். லைக்ஸ் வந்துச்சு. அடுத்தது எப்பன்னு எல்லாரும் கேட்டாங்க. நிறுத்த முடியல" என்றான். கனிஷ்கா பெயரிலிருந்த பொய்க் கணக்கு தன்னுடையது இல்லை என்றான். யாருடையது என்று எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. அவன் அம்மா ஜோதியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். "மன்னிச்சிருங்கன்னு கேக்கக்கூட எனக்கு வாய் வரலைங்க."

கனிஷ்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அன்னிக்கு என்கிட்ட சாப்பிட்டியான்னு கேட்டியே. அப்பவும் நீதான் அதைப் போட்டுக்கிட்டு இருந்தியா?"

அவன் ஆமென்று தலையாட்டினான்.

பக்கம் மூடப்பட்டது. சித்தார்த்தைப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பி, பிறகு வேறு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள். பொய்க் கணக்கு நீங்குவதற்கு மேலும் மூன்று வாரம் ஆனது. அதை நடத்தியது யார் என்று கடைசி வரை தெரியவில்லை. தினமும் தன்னோடு உட்காரும் நாற்பது பேரில் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று கனிஷ்கா நினைத்தாள்.

எல்லாம் அடங்கியும் அவளுக்குச் சரியாகவில்லை. ஜோதிக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. போன் மேசையில் அதிர்ந்தால் கனிஷ்காவின் உள்ளங்கை வியர்த்துவிடும். தூக்கத்தில் பல்லைக் கடித்தாள். திருச்சி புத்தூரில் ஒரு மருத்துவமனையில் மனநல ஆலோசகர் ஆன்சி என்பவரிடம் அழைத்துப் போனார்கள். அழகர்சாமிக்கு அதில் தயக்கம் இருந்தது. "யாராவது பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றார். "வயித்து வலின்னு போனப்ப யாரு என்ன நினைச்சாங்க?" என்றாள் ஜோதி. அவரே வண்டியில் கொண்டுபோய் விட்டு, வெளியே வராந்தாவில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார்.

ஆன்சி அதிகம் பேசவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். செத்துப்போகலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று நேராகவே கேட்டார். கனிஷ்கா யோசித்துவிட்டுச் சொன்னாள். "செத்துரணும்னு இல்ல மேடம். யாருக்கும் என்னைத் தெரியாம இருந்தா போதும்னு இருந்துச்சு." இதை முதல்முறையாக ஒருவரிடம் சொன்னதும் அவளுக்கு உடம்பெல்லாம் அசதியாக வந்தது. வீட்டுக்கு வந்ததும் போனை அம்மாவிடம் கொடுத்து வைப்பது, நாளுக்கு அரைமணி நேரம் மட்டும் பார்ப்பது என்று பேசி முடிவு செய்தார்கள். முதல் வாரம் கனிஷ்கா அந்த விதியை நான்கு முறை மீறினாள். இரண்டாவது வாரம் இரண்டு முறை. பதினைந்து நாளுக்கு ஒரு முறை புத்தூர் போய்வந்தாள். காலாண்டுத் தேர்வில் இரண்டு பாடத்தில் ஃபெயில். அரையாண்டில் எல்லாவற்றிலும் தேறினாள், பழைய மார்க் இல்லை என்றாலும்.

ஷாஜியாவும் அவளும் மதியம் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்த சல்யூட்டைப் பற்றி இருவரும் மறுபடி பேசவில்லை. கனிஷ்காவுக்கு அது சில நாள் உறுத்தும், சில நாள் உறுத்தாது.

ஜனவரியில் பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த மூன்றாம் நாள் கனிஷ்காவின் போனுக்கு ஒரே வீடியோவை ஏழு பேர் அனுப்பியிருந்தார்கள். அன்று பிரின்சிபால் அறையில் நடந்ததை யாரோ ஜன்னல் வழியாக எடுத்து வைத்திருக்கிறார்கள். சித்தார்த் சுவரைப் பார்த்து நிற்பதும், அவன் அம்மா அழுவதும். அந்த அழுகைக்கு ஒரு காமெடி இசையை ஒட்டி, அவர் முகத்தைப் பெரிதாக்கி, நிறுத்தி நிறுத்திக் காட்டியிருந்தார்கள். 'நீ சந்தோஷப்படுவேன்னு அனுப்பினேன்' என்று ஒருத்தி எழுதியிருந்தாள்.

சந்தோஷம் வரத்தான் செய்தது. கனிஷ்கா அதைத் தன்னிடமே மறைக்கவில்லை. இரண்டாவது முறையும் போட்டுப் பார்த்தாள். மூன்றாவது முறை அவன் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகள் பிடித்திருந்தது தன் அம்மாவின் கையை. ஜோதியின் வளையல் ஓரத்தில் தெரிந்தது. வீடியோவை நிறுத்தினாள்.

மறுநாள் மதியம் ஷாஜியாவிடம் சொன்னாள். "மிஸ்கிட்ட போய் காட்டலாம்னு இருக்கேன்."

ஷாஜியா டிபன் பாக்ஸை மூடினாள். "அவனுக்காகவா? எட்டு மாசம் என்னை அழ விட்டவன். என்னால முடியாது. நீ போறதுன்னா போ."

"சரி" என்றாள் கனிஷ்கா. அவளுக்குக் கோபம் வரவில்லை. தனியாகவே ஸ்டாஃப் ரூமுக்குப் போனாள். லூர்துராணி மிஸ் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். கனிஷ்கா வீடியோவைக் காட்டி, யார் யாரிடமிருந்து வந்தது என்று ஏழு பெயரையும் சொன்னாள். மிஸ் எழுதிக்கொண்டார். "சித்தார்த் ரெண்டு நாளா வரல. இப்பதான் புரியுது" என்றார். பிறகு அவன் வீட்டுக்குப் போன் செய்ய எழுந்துபோனார். அவனை நேரில் பார்க்கவோ பேசவோ கனிஷ்கா விரும்பவில்லை. மிஸ்ஸும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

மாலை வீட்டில் ஜோதி பட்டன் வைத்துக்கொண்டிருந்தாள். கனிஷ்கா எதிரில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னாள்.

ஜோதி ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினாள். "அந்தப் பையனுக்காகவா போய்ச் சொன்ன?"

கனிஷ்கா யோசித்தாள். "தெரியலம்மா. அவன் மேல எனக்கு இன்னும் கோபம்தான். ஆனா அவங்க அம்மா மூஞ்சியப் பெருசாக்கி வச்சிருந்தாங்க. அதை நானும் ரெண்டு தடவை பாத்தேன்."

ஜோதி துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தாள். "தோசை ஊத்துறேன், அப்பாவையும் கூப்பிடு" என்றாள். கனிஷ்கா செருப்பை மாட்டிக்கொண்டு வாழைத் தோட்டத்துப் பக்கம் நடந்தாள்.